கேளாச் செவியும் கொடுவாளும்

ஆங்கில நாவலாசிரியருள் பாமரரும் பண்டிதரும் ஒருங்கே விரும்பிப் பயிலும் பெருமை வாய்ந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ் (1812–1870). அவர் இயற்றிய நூல்களுள் “இரு நகரங்களின் கதை” என்பது அளவாற் சிறியனவற்றுள் ஒன்று. ஆயினும் படித்தோர் நெஞ்சில் நெடிது நிற்பது. 1859ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் தொடங்கி நவம்பர் 26ஆம் நாள் வரை, அவர் தாமே நடத்தி வந்த வார வெளியீட்டில் 31 பகுதிகளாக அது வெளிவந்தது. இலண்டனும் பாரிஸுமே தலைப்பிற் கூறப்பெற்ற இரு நகரங்கள். 1775இல் தொடங்கும் கதை, பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமை முதிர்ந்த நாட்களில் முடிவெய்துகின்றது. கார்லைல் என்னும் பேரறிஞர் 1837இல் வெளியிட்ட பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றைத் தமக்குத் துணையாகக் கொண்டதை ஆசிரியர் முன்னுரையிலே குறிப்பிட்டுள்ளார்.

இந்நூலைப் பற்றி மாணவரிடையே வழங்கும் கருத்துக்கள் இரண்டு. புரட்சி என்பது பொல்லாதது, அது நல்லோரையும் தீயோரையும் ஒருங்கே விழுங்கும், ஆதலின் மக்கள் அதன் அருகிற் செல்லலாகாது என்று காட்டவே இந்நூல் எழுந்தது என்பர் ஒரு சாரார். சிட்னி கார்ட்டன் என்பான் தான் காதலித்த பெண்ணின் கணவனைக் காக்கத் தன்னுயிரை ஈந்த தியாகமே இந்நூலின் உயிர், ஏனையவெல்லாம் அதற்கு அமைந்த பின்னணியே என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பாதி உண்மையே என்பது எனது துணிபு. இந்நாவல் முதலிலிருந்து முடிவு வரை சொல்வது வேறொன்று: எளியோர் முறையிடுங்கால் அதனைச் செவிமடுப்பார் இல்லையாயின், அம்முறையீடு மாய்ந்து போவதில்லை; அது காத்திருந்து, வாளாக மாறித் திரும்பி வருகின்றது. வரும்போது குற்றவாளியின் கழுத்தை மட்டும் தேடி வருவதில்லை. இதனை நூலினின்றே நிறுவ முற்படுகின்றேன்.

நூலைப் பயிலாதார் பொருட்டுக் கதையைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். மானெட் என்னும் பாரிஸ் வைத்தியர் யாதொரு விசாரணையுமின்றிப் பாஸ்டில் சிறையில் 18 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 1775இல் அறிவு கலங்கிய நிலையில் வெளிவருகின்றார். அவர்தம் மகள் லூஸி அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று அன்பினாலே தேற்றுகின்றாள். பிரெஞ்சுப் பிரபுக் குலத்திற் பிறந்தும், அக்குலத்தின் கொடுமைகளை வெறுத்துத் தன் உரிமையைத் துறந்து, இலண்டனிலே பிரெஞ்சு மொழி கற்பித்துப் பிழைக்கும் சார்லஸ் டார்னே என்பான் அவளை மணக்கின்றான். கார்ட்டன் என்னும் வழக்கறிஞன் கூரிய அறிவுடையனாயினும் குடியினால் வாழ்வைப் பாழாக்கியவன். அவனும் லூஸியைக் காதலித்து, அக்காதலை உள்ளத்தே அடக்கி வாழ்பவன். புரட்சி எழுந்தபின் டார்னே பாரிஸுக்குச் சென்று சிறைப்படுகின்றான், கொலைத்தீர்ப்பும் பெறுகின்றான். உருவத்தில் அவனை ஒத்த கார்ட்டன் அவனிடத்தில் நின்று உயிர் விடுகின்றான்.

இனி, இந்நூலுள் வரும் முறையீடுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

எவ்ரேமோந்த் என்னும் மார்க்கிப் பிரபு, டார்னேயின் சிற்றப்பன். பாரிஸின் ஏழை மக்கள் வாழும் சேந்த் அந்துவான் பகுதியிலே அவன் வண்டி கடுகிச் செல்லுங்கால் ஒரு குழந்தை சக்கரத்தின்கீழ் அகப்பட்டு இறக்கின்றது. தந்தையாகிய காஸ்பார் அலறி வீழ்கின்றான். பிரபு செய்தது யாது? ஒரு பொற்காசை வீசி எறிந்தான். அக்காசு வண்டிக்குள்ளேயே திருப்பி எறியப்பட்டது. பெற்ற வயிறு எரியுங்கால் அதற்கு விலை பேசுதல் செவிமடுத்தலாகுமோ? அன்று மாலையே அவன் தன் ஊரை நோக்கிச் செல்லுகையில் இடுகாட்டருகே ஒரு பெண் வண்டியை மறித்து நின்றாள். அவள் கணவன் பசியினால் மாண்டவன். அவள் கேட்டது சோறன்று, பணமன்று. கணவன் பெயர் பொறித்த ஒரு சிறு கல்லோ மரத்துண்டோ அவன் புதைகுழிமேல் நிறுத்தப்படல் வேண்டும் என்பதே. இன்றேல் அவன் கிடக்கும் இடமும் மறக்கப்பட்டுவிடும் என்று அஞ்சினாள். வண்டி அவளைத் தள்ளிவிட்டு விரைந்தது. அன்றிரவே அப்பிரபு தன் மாளிகைப் படுக்கையிற் குத்துண்டு கிடந்தான். கொன்றவன் காஸ்பார். அவனை நாற்பதடி உயரத்தில், ஊரார் நீர் மொள்ளும் ஊற்றின்மேலேயே தூக்கிலிட்டனர். ஊருணி நீரை நச்சாக்கிய அத்தண்டனை, ஊராருடைய உள்ளத்தையும் நச்சாக்கிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவை கிளைகளே, வேர் இன்னும் ஆழத்திற் கிடக்கின்றது. 1757ஆம் ஆண்டின் இறுதியில், இளமைப் பருவத்தினராய் இருந்த மானெட் வைத்தியரை இரு பிரபுக்கள் ஒரு நோயாளியைப் பார்க்கவென அழைத்துச் சென்றனர். அவர்கள் எவ்ரேமோந்த் உடன்பிறப்பினர். மூத்தவன் டார்னேயின் தந்தை. நோயாளி ஓர் உழவர் குலப் பெண். சித்தம் கலங்கி ஓயாது அரற்றிக்கொண்டிருந்தாள். அருகில் ஒரு கொட்டிலிலே அவள் தம்பி, பதினேழு வயதிற்கு மேற்படாத சிறுவன், வாட்குத்துப் பட்டு இறந்துகொண்டிருந்தான். இளைய பிரபு அப்பெண்ணை விரும்பினான். அவளைத் தனக்கு இணங்கச் செய்யுமாறு அவள் கணவனை வருத்தும்பொருட்டுப் பகலெல்லாம் வண்டியிற் பூட்டி இழுப்பித்தனர். இரவெல்லாம் பிரபுக்களின் உறக்கம் கெடாதபடி தவளைகளை அடக்குமாறு பனியிலே நிறுத்தினர். அவன் மனைவியின் மார்பிற் சாய்ந்து உயிர் விட்டான். பின்னர் அவளைக் கவர்ந்து சென்றனர். செய்தி கேட்ட தந்தை நெஞ்சுடைந்து மாண்டான். தம்பியோ, எஞ்சிய இளைய தங்கையை எட்டாத இடத்திற் சேர்த்துவிட்டு, வாளேந்தி வந்து குத்துண்டான். சாகுந்தறுவாயில் அவன் தன் குடும்பத்தின் கதையை வைத்தியரிடம் உரைத்தான். தாம் விதைத்த பயிரைப் பிரபுவின் பறவைகள் தின்ன, தாம் ஒரு பறவையும் வளர்க்கலாகாதென்ற விதியையும், கூலியின்றி உழைத்ததையும், பிரபுவின் ஆலையிலேயே தானியத்தை அரைக்க வேண்டியிருந்ததையும் அவன் கூறியுள்ளான். இந்நூலில் ஏழைகளின் குறை முழுமையாக வாய்விட்டுச் சொல்லப்படும் இடம் இதுவே. அதனைக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் கேட்ட குற்றத்திற்காகச் சிறை புகுந்தார்.

ஆம், வைத்தியர் செய்த குற்றம் அதுவே. அவர் கத்தி எடுத்தாரல்லர், கலகம் விளைத்தாரல்லர். தாம் கண்டதை அரசாங்க மந்திரிக்கு ஒரு கடிதமாக வரைந்தார். அக்கடிதம் பிரபுக்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதனை அவர் கண்முன்னே எரித்தனர். அரச முத்திரை பெற்ற ஆணை ஒன்றினால் அவரைப் பாஸ்டிலின் வடகோபுரத்தில் 105ஆம் எண்ணுள்ள அறையிலே உயிரோடு புதைத்தனர். இத்தகைய ஆணைகள் கற்பனையல்ல. விசாரணையும் காலவரையறையும் இன்றி எவரையும் சிறையிலிட வல்ல முத்திரைக் கடிதங்கள் பழைய பிரான்சில் உண்மையாகவே வழங்கின. அவை 1790இலேதான் ஒழிக்கப்பட்டன. எனவே, இந்நாவலின் பெருந்துயரெல்லாம் நீதிக்கு அனுப்பப்பட்ட ஒரு கடிதம் எரிக்கப்பட்டதிலிருந்து பிறக்கின்றது. அக்கடிதத்தை ஒரு நேர்மையான அதிகாரி பிரித்துப் படித்திருப்பாரேல், 1757இலேயே கதை முடிந்திருக்கும். மானெட் வைத்தியர் இல்லந் திரும்பியிருப்பார். ஒரு தங்கை பழிவாங்கும் பிசாசாக வளர்ந்திராள்.

நாவலாசிரியர் கற்பித்த இக்குடும்பத்தின் நிலையே பிரான்சு முழுவதன் நிலையாகவும் இருந்தது. நாட்டு மக்களின் பிரதிநிதிகளாகிய மூன்று வகுப்பாரும் கூடும் பேரவையை அரசர்கள் 1614இற் கூட்டியபின் 175 ஆண்டுகள் கூட்டினாரல்லர். இடையே எத்தனை தலைமுறைகள் தோன்றி மறைந்தன! உப்புவரி, நிலவரி, கூலியில்லா வேலை, வேட்டையுரிமை என்றின்னோரன்ன சுமைகளால் நைந்த குடியானவர்கள் தம் குறையை உரைப்பதற்கு ஒரு மன்றமும் இருந்திலது. 1789இல் கருவூலம் வறண்ட பின்னரே பதினாறாம் லூயி மன்னர் அப்பேரவையை அழைத்தார். அப்போது ஊர்தோறும் மக்கள் தங்கள் குறைகளை ஏட்டில் எழுதி அனுப்புமாறு பணிக்கப்பட்டனர். அவ்வாறு எழுதப்பட்ட குறையேடுகள் ஆயிரக்கணக்கானவை இன்றும் பிரான்சின் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றுட் பலவற்றிலே மன்னரைப் பழிக்கும் சொல் இல்லை. தந்தையிடம் மைந்தர் உரைக்கும் பணிவே உண்டு. மே மாதம் 5ஆம் நாள் பேரவை கூடியது. வாக்குகளைத் தலைக்கொன்றாக எண்ணுவதோ வகுப்புக்கு ஒன்றாக எண்ணுவதோ என்னும் வாதத்திலேயே வாரங்கள் கழிந்தன. ஜூலை 14ஆம் நாள் பாஸ்டில் வீழ்ந்தது. 175 ஆண்டுகள் அடைபட்ட காது திறக்கப்பட்டபோது, சொல்லிய வாய்கள் பொறுமை இழந்துவிட்டன.

அந்நாளில் டெபார்ஜ் என்பான் வடகோபுரத்து 105ஆம் அறையினுட் புகுந்து, புகைபோக்கியின் உள்ளே மறைக்கப்பட்டிருந்த ஓர் ஏட்டைக் கண்டெடுக்கின்றான். அது மானெட் வைத்தியர் சிறையின் பத்தாம் ஆண்டில், தம் இரத்தமும் கரியும் கலந்து எழுதியது. பிரபுக்கள் எரித்த கடிதத்தின் மறுபிறப்பே அவ்வேடு. அதன் முடிவில் அவர் எவ்ரேமோந்த் குலத்தின் கடைசித் தோன்றல் வரை யாவரையும் பழித்துச் சாபமிட்டுள்ளார். பின்னாளில் அக்குலத்தோன்றலே தம் மருமகனாக வருவான் என்று அவர் அறிவாரா? புரட்சி நீதிமன்றத்தில் அவ்வேடு படிக்கப்படுகின்றது. வைத்தியர் எழுந்து, இது என் பெயரால் செய்யப்படும் வஞ்சகம், என் மகளின் கணவன் என் உயிரினும் இனியன் என்று கதறுகின்றார். அவரை அமருமாறு பணித்தனர். அவருடைய பழைய சொல்லைக் கேட்ட மன்றம், அவருடைய புதிய சொல்லைக் கேட்க மறுத்தது. டார்னே 24 மணி நேரத்துள் சாகத் தீர்ப்பளிக்கப்பட்டான்.

ஈண்டுதான் நாவலாசிரியரின் நடுநிலை விளங்குகின்றது. பிரபுக்கள் செவிடராய் இருந்தனர்; அவர்களை வீழ்த்தியவரும் செவிடராயினர். வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1793 ஜனவரி 21ஆம் நாள் கொலைமேடையில் நின்று பேசத் தொடங்கிய லூயி மன்னரின் குரல் முரசொலியில் அமிழ்த்தப்பட்டது. கதை நிகழ்ந்த காலத்திற்குச் சில திங்கள் பின்னர், 1794 ஜூன் 10ஆம் நாள், குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு வழக்கறிஞர் துணையை மறுக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அன்று முதல் ஜூலை 27 வரையில், ஏழு வாரத்திற்குள், பாரிஸில் மட்டும் ஏறத்தாழ 1,400 பேர் தலை இழந்தனர். அச்சட்டத்திற்குப் பின்னின்றவருள் தலைவராகிய ரோபெஸ்பியர் ஜூலை 27ஆம் நாள் சபையிலே பேச எழுந்தபோது கூச்சலிட்டு அடக்கப்பட்டார். மறுநாள் அவர் தலையும் உருண்டது. பயங்கர ஆட்சியில் முறையான தீர்ப்பினாற் கொல்லப்பட்டோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17,000 பேர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். அவருள் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. உழவரும் தொழிலாளருமே மிகுதி. எவர் பொருட்டுப் புரட்சி எழுந்ததோ, அவர் தலைகளே கூடையில் மிகுதியாக வீழ்ந்தன.

இனி, டெபார்ஜின் மனைவியைப் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். பெரும்பாலார் அவளை ஒரு கொடிய அரக்கியாகவே கொள்வர். மதுக்கடையில் அமர்ந்து, கொல்லப்பட வேண்டியவர் பெயர்களைப் பின்னல் வேலையிற் பொறித்து வைக்கும் அப்பெண்ணின் உருவம் எவர்க்கும் நடுக்கத்தைத் தருவதே. எனினும், கொட்டிலில் மாண்ட சிறுவன் எட்டாத இடத்திற் சேர்த்த அவ்விளைய தங்கை இவளேயன்றோ? தமக்கை, தமக்கையின் கணவன், பிறவாத சிசு, தமையன், தந்தை ஆகிய ஐவரை இழந்தவள் இவள். தன்னைப் பெண்ணென்றும் தாயென்றும் எண்ணி இரங்குமாறு லூஸி வேண்டிக்கொண்டபோது, தாங்கள் சிறுவயது முதல் கண்ட மனைவியரும் தாய்மாரும் பட்ட துயரத்திற்கு இரங்கினார் யார் என்று வினாவினாள். அவ்வினாவிற்கு நூலில் விடை இல்லை. அவளுடைய வினா நேர்மையானது. அவள் கண்ட விடையே தவறானது. குற்றம் செய்யாத டார்னேயோடு நில்லாமல், அவன் மனைவியையும் குழந்தையையும் கொல்லத் துணிந்தாள். தன் கணவனே போதுமென்றபோது, காற்றுக்கும் நெருப்புக்கும் எல்லை சொல், எனக்குச் சொல்லாதே என்னும் பொருள்படப் பேசினாள்.

தமிழ் பயிலும் எனக்கு இவ்விடத்தில் கண்ணகி நினைவிற்கு வருதல் இயல்பே. அவளும் முறையிட்ட பெண். அவளும் நெருப்பை ஏவியவள். ஆனால் இரண்டு வேற்றுமைகள் உள. வாயிலோன் அவள் வரவைச் சொன்ன உடனே பாண்டியன் அவளை உள்ளே வரவிட்டான், வழக்கைக் கேட்டான், சிலம்பினுள் மாணிக்கம் இருக்கக் கண்டதும் தன் தவற்றை ஒப்புக்கொண்டு அரியணையிலேயே உயிர் நீத்தான். பிரெஞ்சுப் பிரபுக்களுள் அங்ஙனம் ஒருவனும் இருந்திலன். கண்ணகியும் தீக்கடவுளுக்கு எல்லை வகுத்தாள். அறவோரையும் பெண்டிரையும் முதியோரையும் குழவிகளையும் தீண்டாதே என்றாள். கேட்கப்பட்ட சினத்திற்கு எல்லை உண்டு, கேட்கப்படாத சினத்திற்கு எல்லை இல்லை என்பதை இவ்விரு பெண்களையும் அருகருகே நிறுத்திக் காணலாம்.

அற்றேல், இந்நூலில் செவிமடுத்தார் ஒருவரும் இலரோ எனின், சிலர் உளர். டார்னேயின் தாய் ஒருத்தி. அவள் தன் கணவன் குடும்பம் செய்த கொடுமையை அறிந்து, சிறு மைந்தனைக் கைப்பிடித்து வைத்தியரிடம் வந்து, எஞ்சிய தங்கைக்குத் தன் நகைகளையேனும் கொடுத்து ஆறுதல் செய்ய விழைந்தாள். அதனைத் தன் மகனுக்குக் கடனாகவும் விதித்துச் சென்றாள். டார்னே அக்கடனைத் தீர்க்க முயன்றும் அப்பெண்ணைக் கண்டானில்லை. பிற்றைநாளில் அவன் நீதிமன்றத்திலிருந்த அவளை எதிரே பார்த்தும், தான் தேடிய பெண் இவளே என்று அறிந்தானில்லை. இந்நூலில் இதனினும் இரங்கத்தக்க நிகழ்ச்சி பிறிதொன்றில்லை என்பேன். புரட்சிக் காலத்தே சிறைப்பட்ட காபெல் என்னும் பழைய ஊழியன் தன்னைக் காக்குமாறு எழுதிய கடிதத்தைக் கேட்டு டார்னே பாரிஸுக்குச் சென்றதும் அத்தகைய செவிமடுத்தலே. அதனாற் தன் உயிரையே இழக்க இருந்தான். கேட்பவனுக்கு விலையில்லாத கேள்வி இல்லை.

கார்ட்டனிடத்தும் யான் வியப்பது இதுவே. அவன் பிறருக்காக இறந்தான் என்பதை அனைவரும் போற்றுவர். இறப்பதற்குமுன் அவன் பிறரைக் கேட்டான் என்பதைப் பலர் நோக்குவதில்லை. இறுதி நாளுக்குச் சற்று முன்னர் ஓர் இரவில் பாரிஸ் வீதிகளில் உலாவுங்கால், தன் தந்தையின் அடக்க வேளையிற் படிக்கப்பட்ட யோவான் சுவிசேஷத்து மொழிகளை அவன் நினைவு கூர்கின்றான். லாசரு மாண்டபோது மார்த்தாளுக்கு இயேசு உரைத்த உயிர்த்தெழுதலின் மொழி அது. அவ்வார்த்தை அங்கே தேற்றரவாக முதலிற் பிறந்தது, துயருற்ற ஒரு பெண் தன் குறையை வாய்விட்டு உரைத்தபோதுதான். பின்னர்ச் சிறையில் மெலிந்த தையற்பெண் ஒருத்தி கார்ட்டனை அணுகினாள். டார்னே என்று எண்ணி வந்தவள், அவன் முகத்தை நிமிர்ந்து நோக்கி உண்மையை உணர்ந்தும் காட்டிக்கொடுத்தாளில்லை. குற்றமேதும் அறியாத அவள்மீது சதிக்குற்றம் சாட்டப்பட்டிருந்தது. ஏழைகளுக்கு நன்மை செய்யும் குடியரசிற்குத் தன் சாவால் பயன் விளையுமாயின் இறக்க மனமொவ்வாதவள் அல்லள். ஆனால் அஃது எங்ஙனம் விளையும் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. எவரும் கேளாத அவ்வினாவைக் கார்ட்டன் கேட்டான். கையைப் பிடித்துக்கொள்ள இசைந்தான். தெற்கே வாழும் தாயற்ற ஒன்றுவிட்ட தங்கையைப் பற்றி அவள் சொன்னதையும் கொலைமேடையருகே செவிமடுத்தான். 52 பேருள் 22ஆவதாக அவள் தலை வீழ்ந்தது. 23ஆவதாக அவன் தலை வீழ்ந்தது. கொலைக்களத்தின் கூச்சலுக்கிடையே ஓர் ஏழையின் சொல்லைக் கேட்ட செவி, அவ்வூரில் அன்று அவன் செவி ஒன்றே.

இதே நாளில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. லூஸியைப் பிடிக்க வந்த டெபார்ஜின் மனைவியை, லூஸியின் பணிப்பெண்ணாகிய மிஸ் பிராஸ் தடுத்து நின்றாள். ஒருத்தி பிரெஞ்சும் மற்றவள் ஆங்கிலமும் பேசினர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்கவில்லை. கைகலப்பில் டெபார்ஜின் மனைவியின் துப்பாக்கியே வெடித்து அவளைக் கொன்றது. மிஸ் பிராஸ் பிழைத்தாள்; ஆனால் அந்த வெடியோசையே அவள் கேட்ட கடைசி ஓசை. வென்றவளும் செவிடாயினாள். ஆசிரியர் இதனை எக்கருத்தோடு அமைத்தார் என்பதை யான் அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும், இந்நூலைப் படித்து முடிப்பவர்க்கு இதனினும் பொருத்தமான முடிவு தோன்றாது.

நூலின் குறையையும் மறைத்தல் முறையன்று. கேளாமையைக் கடிந்த ஆசிரியரும் தம் ஏழைகளின் பெயரை முழுதும் கேட்டாரல்லர். கொட்டிலில் மாண்ட சிறுவனுக்குப் பெயரில்லை. அவன் தமக்கைக்குப் பெயரில்லை. இடுகாட்டுப் பெண்ணுக்கும் தையற்பெண்ணுக்கும் பெயரில்லை. பிரபுக்களும் வழக்கறிஞர்களும் பெயரோடு நிற்க, எவர் பொருட்டு நாம் கண்ணீர் விடுதல் வேண்டுமோ அவர் பெயரின்றி நிற்கின்றனர். கல்லில் கணவன் பெயரைப் பொறிக்க வேண்டிய அக்கைம்பெண்ணின் வேண்டுகோளை ஆசிரியரே நிறைவேற்றவில்லை எனலாம். 1789இன் குறையேடுகளையும் அவர் விரித்துரைத்திலர். உழவர் தாமே தம் வாயால் அறிவோடு பேசியதைக் காட்டியிருப்பின் நூலின் பெருமை இன்னும் மிகுந்திருக்கும்.

சிலர் வினவலாம்: செவிமடுத்தல் ஒன்றே போதுமோ? உப்புவரியும் பசியும் கேட்டதனால் மட்டும் நீங்குமோ? நீங்கா. கேட்டபின் செய்தலும் வேண்டும். ஆனால் கேளாது செய்யப்படும் நன்மையும் பிரபு எறிந்த பொற்காசாகவே முடியும். காஸ்பாருக்கு வேண்டியிருந்தது காசன்று. தன் மகவு மகவென்று ஒருவர் ஒப்புக்கொள்ளுதலே. கேட்டல் என்பது எதிர்நிற்பவனும் மனிதனே என்று ஒப்புவதன் முதற்படி. அப்படி ஒப்பாதவன் ஈகையைச் செய்தாலும் இகழ்ச்சியையே செய்தவனாவான்.

நண்பர்காள், இந்நூலை நாம் கதையென்று மட்டும் படித்து வைத்துவிடலாகாது. இக்கல்லூரியில் பயின்று வெளியேறும் நம்முள் சிலர் அலுவலகங்களில் அமர்வோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் பணி புரிவோம், சிலர் ஒரு குடும்பத்தின் தலைமையையேனும் ஏற்போம். நம் மேசையின்மேலும் ஒரு நாள் ஒரு மனு வந்து கிடக்கும். அதனை எழுதியவர்க்கு நல்ல நடை தெரியாதிருக்கலாம். அவர் குரல் நமக்கு இடையூறாகவும் இருக்கலாம். அப்போது, 1757இல் ஒரு மந்திரிக்கு அனுப்பப்பட்டு எரிக்கப்பட்ட கடிதத்தை நினைவிற் கொள்வோமாக. கார்ட்டனைப் போல் உயிர் கொடுக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவர்க்கே கிடைக்கும்; பிரித்துப் படித்து விடையளிக்கும் வாய்ப்போ நம் அனைவர்க்கும் நாடோறும் கிடைக்கும்.